சம்மட்டி மெர்ல் நடத்திய ஜெயில் டியூஷன்

மெர்ல் ஸ்டக்கி தன்னைப் பற்றிச் சொல்கிற கதைகளில் பாதியை நம்பினாலே உங்களுக்குக் குளிர்ஜுரம் வந்துவிடும். ஜெயிலுக்குப் போகவிருக்கும் பெரிய மனிதர்களுக்கு ஒஹாயோவில் தன் வீட்டுக் கார் ஷெட்டில் டியூஷன் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. பழைய கார்களில் ஓடிய மைல் கணக்கைக் குறைத்துத் திருப்பி வைத்து விற்றதற்காக உள்ளே இருந்துவிட்டு வந்தவன். "உள்ள என் பேரு சம்மட்டி. நான் நடந்து வந்தா வராந்தாவே காலியாயிடும்" என்பான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி கானி துணி மடிப்பதில் மும்முரமாகிவிடுவாள். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற சம்மட்டி அவளுடையது, பாவம்.

அவனிடம் வந்து சேர்ந்தார் பல் டாக்டர் எல்வுட் ப்ரைஸ். பல்லே இல்லாத கிழவர்களுக்குப் பல் அடைத்ததாக இன்ஷூரன்ஸில் பணம் வாங்கிய மகானுபாவர். தீர்ப்பு வந்ததிலிருந்து தூக்கமில்லை, சோறு தண்ணி இல்லை.

"அடுத்தவன் கட்டில்ல உக்காராதீங்க. வரிசையில குறுக்க நுழையாதீங்க. என்ன பண்ணிட்டு வந்தேன்னு யாரையும் கேக்காதீங்க" என்றான் மெர்ல். இதெல்லாம் நல்ல பாடம்தான். அதோடு நிறுத்தினானா? "முதல் நாளே இருக்கறதுலயே பெரிய ஆளு எவன்னு பாத்து முறைக்கணும்!"

ஷெட்டில் இருந்ததிலேயே பெரிய ஆள் பழைய ஃபிரிட்ஜ்தான். டாக்டர் அதன் முன்னால் நின்று முறைத்தார். ஃபிரிட்ஜ் திடீரென்று உறுமியது. "மன்னிச்சுக்குங்க" என்று இரண்டடி பின்வாங்கினார்.

"ஃபிரிட்ஜுக்கே இப்படின்னா வெளங்கிடும்!" என்று தலையில் அடித்துக்கொண்டான் மெர்ல்.

எந்த ஜெயில் என்று உத்தரவு வந்தபோது மெர்ல் அதை இரண்டு தடவை படித்தான். அவன் இருந்த அதே ஜெயில். ஆனால் வாசல் வரை காரில் கொண்டுபோய் விடுவதும் கட்டணத்தில் அடக்கமாயிற்றே. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு கிளம்பினான்.

கோர்ட் குறித்த நாளில் மத்தியானம் பன்னிரண்டுக்குள் டாக்டர் தானாகவே உள்ளே போய்ச் சரணடைய வேண்டும். போகாவிட்டால் ஓடிப்போன கைதி என்று இன்னொரு கேஸ், இன்னும் சில வருஷம். வாசலில் மெர்ல் இறங்கியதும் மனிதர் கார்க் கதவை உள்பக்கம் பூட்டிக்கொண்டார். வெளியே நின்று மெர்ல் கண்ணாடியைத் தட்டினான், கெஞ்சினான், மிரட்டினான்.

"நான் வரமாட்டேன் மெர்ல். நீங்க சம்மட்டி. நான் பல் டாக்டர்."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து ஒரு தலையணையை எடுத்துக் கட்டிக்கொண்டார். நீலப் பூப்போட்ட உறை. அதைப் பார்த்ததும் மெர்ல் தட்டுவதை நிறுத்திவிட்டான்.

இந்த ரகளையைப் பார்த்துவிட்டு வாசற்காவலில் இருந்த டார்லா வந்தாள். குனிந்து மெர்லின் தொப்பிக்குக் கீழே பார்த்தாள்.

"அடடே! நம்ம தலையணை!"

"யாரும்மா தலையணை?" டாக்டர் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்கினார்.

"இவருதான். வந்த அன்னிக்கு வீட்டுத் தலையணையக் கக்கத்துல இடுக்கிட்டு வந்தாரு. உள்ள விடமாட்டோம்னு பிடுங்கினோம். ஒரு வாரம் தேம்பித் தேம்பி அழுதாரு பாருங்க, பக்கத்துக் கட்டில்காரன் தன் தலையணையக் குடுத்துட்டுத் துண்ட மடிச்சு வச்சுப் படுத்தான். இங்க இருக்கறவன் பூரா கணக்குப்பிள்ளையும் வக்கீலும். பெரிய ஆளுன்னா தோட்டத்துல தக்காளி போடுற பர்ட் ஒருத்தர்தான். அவரு யாரையும் முறைக்கக்கூட மாட்டாரு."

மெர்லுக்குப் பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடக்கூடாதா என்றிருந்தது. தொழில் போச்சு, மானமும் போச்சு.

"ஒரு வாரமா?" என்றார் டாக்டர்.

"எட்டு நாள்" என்றான் மெர்ல், தரையைப் பார்த்தபடி.

"அப்புறம்?"

"அப்புறம் பசிச்சுது. சாப்பிடப் போனேன்."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாரக்கணக்கில் சிரிக்காத மனிதர், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கதவைத் திறந்து இறங்கினார்.

"அப்ப எனக்குப் பத்து நாள் ஆகும்" என்று மெர்லின் கையில் தலையணையைக் கொடுத்தார். "பத்திரம். வெயில்ல போட்டு வைங்க."

டார்லாவுடன் உள்ளே போய்விட்டார். மணி பன்னிரண்டாக இன்னும் கொஞ்சம் இருந்தது.

இப்போது டியூஷனில் முறைக்கிற பாடம் கிடையாது. முதல் வகுப்பே அழுகைதான். ஃபிரிட்ஜை விற்றுவிட்டு அந்த இடத்தில் ஓர் அலமாரி போட்டிருக்கிறான் மெர்ல். அது நிறையத் தலையணைகள், ஒவ்வொன்றிலும் பெயர்ச் சீட்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் கானி எல்லாவற்றையும் கொல்லைப்புறத்தில் வெயிலில் காயப்போடுகிறாள்.