பூசையில் வைத்த மழை டயர்

கொஸ்லந்தப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் வாடகை வேன் ஓட்டிய காலத்தில் என்னிடம் இரண்டு செட் டயர் இருந்தன. அந்தப் பெருமையைச் சொல்லிச் சொல்லியே பலரை அறுத்திருக்கிறேன். பதுளை டயர்க் கடை முதலாளி, "ஒரே செட்டைப் போட்டு வருஷம் பூரா ஓட்டுங்க தம்பி, எதுக்கு வீண் வேலை?" என்பார். நான் கேட்டால்தானே! ஆனி, ஆடியில் காய்ந்த தாருக்கு ஒரு செட். ஐப்பசியில் தொடங்கி, அப்புத்தளை வீதி எண்ணெய் தடவியதுபோல் கிடக்கும் மாதங்களுக்கு, ஆழமாகப் பட்டன் வெட்டிய, வழுக்காத வேறு செட். ஒரே டயர் எல்லாக் காலத்துக்கும் தாங்காது என்று பெரிய எஞ்சினியர் மாதிரிப் பேசுவேன். பழைய ரிம் நான்கு தேடி வாங்கி, மழை டயரை அதில் பூட்டியே வைத்திருந்தேன். ஜாக்கியும் ஸ்பானரும் இருந்தால் அரை மணி நேர வேலை.

மாற்றுவதற்கு நாளும் வைத்திருந்தேன். ஆயுத பூசையன்று மாலை மழை டயருக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக் கும்பிட்டு, மறுநாள் விஜயதசமிப் பூசை முடித்த பிறகுதான் வேனில் பூட்டுவேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம், மழை எனக்காகக் காத்திருக்கவில்லை. பூசைக்கு ஒரு வாரம் முந்தியே கொட்டத் தொடங்கிவிட்டது. வேனில் கிடந்த டயரோ தேய்ந்து வழுவழுவென்று ஆகியிருந்தது. இன்னும் ஆறு நாள்தானே, ஐந்து நாள்தானே என்று ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த விஜயதசமியன்று காலை பத்து மணிக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருந்த பெண் ஒருத்திக்குப் பதுளையில் ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. லயத்தில் அப்படியொரு கடிதம் வந்த முதல் ஆள் அவள்தான். "பஸ்ஸை நம்பாத தங்கச்சி, நான் கொண்டுபோய் விடுறேன்" என்று நானாகத்தான் சொன்னேன்.

ஐந்தரைக்கே வந்துவிட்டாள். வெளுத்த சேலை, சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் சுற்றி மார்போடு பிடித்திருந்தாள். என் முன்னறையில் சாமி படத்துக்கு முன்னால் நான்கு மழை டயரும் பொட்டோடு இருந்தன. மேலே ஜாக்கியும் ஸ்பானரும், பூ வைத்தபடி. பூசையில் வைத்ததை மறுநாள் பூசைக்கு முன் எடுக்கக் கூடாது, அதற்கு ஒன்பது மணி ஆக வேண்டும். வேனும் பூசையில் இருந்ததுதான், அதன் நெற்றியிலும் பொட்டு இருந்தது. அதை மட்டும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எடுத்துவிட்டேன். வேனை எடுக்கத் துணிந்தவன் ஸ்பானரைத் தொடப் பயந்தேன். பயம் என்பதும் பொய். கொட்டுகிற மழையில் நான்கு சக்கரம் கழற்றச் சோம்பல். பழியைச் சாமி மேல் போட்டேன்.

பெரகலைக்கு முந்திய ஒரு வளைவில் பிரேக்கை மிதித்தேன். வேன் கேட்கவில்லை. அவசரமே இல்லாமல் வழுக்கிப்போய், மலைப் பக்கத்துத் தண்ணீர்க் காணில் முன்சக்கரம் இரண்டையும் இறக்கிவிட்டு நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் நின்று என்னோடு தள்ளினாள். லொறி ஒன்று வந்து கயிறு கட்டி இழுத்தபோது ஒன்பது தாண்டிவிட்டது. பதுளை போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது, எல்லாருடைய பெயரையும் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். உள்ளே போய்க் கெஞ்சிப் பார்த்துவிட்டு வந்தவள், "மழைக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணே, விடுங்க" என்றாள்.

"ஆமா, என்ன மழை இது" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த வாரம் அவள் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, தாயோடு கொழுந்து பறிக்கப் போனாள். வேறு கடிதம் வரவில்லை. வழியில் கண்டு வேனை நிறுத்தினால், "பரவாயில்லண்ணே, நடந்துக்கிறேன்" என்பாள். கூச்சம் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து, ஒரு கார்த்திகை மழையில் கொஸ்லந்த பஸ் தரிப்பிடத்தில் தனியாக நின்றாள். வேனை நிறுத்தி இறங்கினேன். அன்று சொல்லாவிட்டால் இனிச் சொல்லவே மாட்டேன் என்று தோன்றியது.

"தங்கச்சி, அன்னைக்கு நல்ல டயர் வீட்டுல இருந்துச்சு. மாத்தாமத்தான் உன்னைக் கூட்டிட்டுப் போனேன். மழை மேல தப்பில்ல, என் மேலதான்."

அவள் ஆச்சரியப்படவில்லை. "தெரியும்ணே. சாமிக்கு முன்னால பார்த்துட்டுத்தானே வந்து ஏறுனேன். மாத்தச் சொல்லலாமான்னு வாய் வரைக்கும் வந்துச்சு. டயரைப் பத்தி உங்களுக்கே நான் சொல்றதான்னு பேசாம இருந்துட்டேன்."

வேனின் பக்கக் கதவைத் திறந்து பிடித்தேன். "ஏறு, கொண்டுபோய் விடுறேன். இப்ப மழை டயர்தான் போட்டிருக்கேன்" என்றேன்.

"இல்லண்ணே, பஸ் வந்திருச்சு."

பஸ் என்னைக் கடந்துபோகும்போது பழக்கதோஷத்தில் அதன் பின் டயரைப் பார்த்தேன். பெயருக்குக்கூட ஒரு பட்டன் இல்லை. அவள் அதில்தான் ஏறிப் போனாள்.