காலி வண்டியில் அளந்த வெளிச்சம்

வீட்டின் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு இழுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். எட்டு மீட்டர் தள்ளி, அண்ணி மோட்டார் சைக்கிளின் மேல் உட்கார்ந்து, இரண்டு கால்களையும் தரையில் ஊன்றி, வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். முன்பக்கக் காவல் கம்பியின் இரு புறமும் அன்று மதியம்தான் நான் மாட்டி முடித்த துணை விளக்குகள். தரையிலிருந்து விளக்கின் நடுப்புள்ளி ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர். சுவரில் கோடு அதைவிட நான்கு விரல் கீழே. வெளிச்சத்தின் மேல்விளிம்பு அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. அசையாமல் இருங்கள் என்று சொல்லியிருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர், அரை மணி நேரம் அப்படியே இருந்தார். "செவுத்துல இன்னா பாப்பா, கோலமா போட்டுக்கினு கீற?" என்று ஒருமுறை மட்டும் கேட்டார். இன்று யோசித்தாலும் அந்த அரை மணி நேரத்தில் என் அளவுகளில் பிழை எதுவும் தெரியவில்லை. உயரம் சரி, தூரம் சரி, திருகாணிகளின் இறுக்கம் சரி. வண்டி மட்டும் காலியாக இருந்தது.

அண்ணி என் அண்ணனின் மனைவி. எங்களுடையது பாகூர் பக்கம் ஒரு கடலோரக் குப்பம். அண்ணன் படகுக்குப் போகிறவர். போனால் சில நேரம் மூன்று நாள் கழித்துத்தான் கரை திரும்புவார். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் வீட்டு வாசலில் சும்மா நிற்பதைப் பொறுக்காமல் அண்ணியே அதை ஓட்டக் கற்றுக்கொண்டார். கரையில் ஏலம் எடுத்த மீனை ஐஸ் பெட்டியில் அடுக்கி, பாகூர் ஏரிக்கரை வழியாகக் கரியமாணிக்கம் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்பார். கடல் தருவது நிச்சயமில்லை, அண்ணியின் அந்தச் சுற்றுதான் எங்கள் வீட்டைத் தாங்கியது. அந்தச் சுற்றுக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. நடவுக்கும் களைக்கும் போகிற பெண்கள் வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன், ஐந்தே முக்காலுக்குள் முதல் ஊரில் இருக்க வேண்டும். கால் மணி நேரம் பிந்தினால் அடுப்பு அணைந்திருக்கும், கதவு சாத்தியிருக்கும், அல்லது 'சின்ன யானை' என்று அழைக்கிற குட்டிச் சரக்கு வண்டியில் வேறு யாராவது மீனோடு வந்து போயிருப்பார்கள்.

அதனால் பயணத்தில் பாதி இருட்டில்தான். எங்கள் வண்டியின் முன்விளக்கோ எஞ்சினின் வேகத்தோடு கூடிக் குறையும் வகை. வேகமாகப் போனால் வெளிச்சம் வரும். பாரத்தோடு குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போது, அதாவது வெளிச்சம் மிகவும் தேவைப்படும்போது, மங்கிவிடும். ஒரு மழைநாளில் ஏரிக்கரை வளைவில் கொட்டி வைத்திருந்த ஜல்லிக் குவியல் தெரியாமல் அண்ணி விழுந்தார். முழங்காலில் தையல் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், "கடல்ல எவனோ புட்ச்ச மீன இன்னிக்கி ரோட்டுல நான் புட்ச்சிட்டு வந்தேன்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. என் கையில் தீர்வு இருந்தது. அன்றே ஒரு தாளை எடுத்துப் பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.

பட்டியல் எழுதுவது என் வழக்கம். எழுதியதும் பாதி வேலை முடிந்துவிட்டதாக ஒரு நிம்மதி வரும். துணை விளக்கு இரண்டு, ஒவ்வொன்றும் பத்து வாட், அதற்கு மேல் எங்கள் சின்ன பேட்டரி தாங்காது. மழையிலும் பனியிலும் கண்ணுக்குத் தோதான மஞ்சள் கலந்த நிறம். ரிலே ஒன்று. ஃபியூஸும் அதைச் செருகும் சின்னப் பெட்டியும். கைப்பிடியில் மாட்டும் சுவிட்ச். இரண்டு நிறத்தில் வயர். அதிர்வைத் தாங்க ரப்பர் வளையங்கள். இதற்கெல்லாம் அண்ணி தன் பங்காகச் சேர்த்தது ஒன்றுதான், தராசு மாட்ட ஒரு கொக்கி. நான் புது ஹாரன் என்று எழுதியதை அவர் அடித்துவிட்டார். கையால் அழுத்தும் பழைய ரப்பர் ஹாரனின் சத்தத்துக்குத்தான் பாத்திரத்தோடு வெளியே வருவார்கள், சத்தம் மாறினால் ஐஸ்காரன் என்று நினைத்துக்கொள்வார்கள் என்றார்.

நான் கேட்டது பாகூரில் கிடைக்காததால் வில்லியனூர் போனோம். உதிரிபாகக் கடை வைத்திருந்த பாய் என் பட்டியலை மரியாதையாகப் படித்துவிட்டு, அதில் இல்லாத ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். ஆறு பல்புகள் வரிசையாகப் பதித்த பெரிய பட்டை விளக்கு. "இத்த போடும்மா. கடலூரு வரிக்கும் தெரியும்."

"எனக்குக் கரியமாணிக்கம் வரிக்கும் தெரிஞ்சா போதும் பாய்" என்றார் அண்ணி.

பாய் சிரித்துக்கொண்டே அதை எடுத்து வைத்தார். பிறகு நீல நிறத்தில் மின்னும் பட்டை, கைபேசி மாட்டும் பிடி, இருக்கைக்கு ஒரு உறை என்று ஒவ்வொன்றாக வந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. நான் விளக்கின் பின்பக்கத் தகட்டைத் திருப்பி, நீர் புகாத ரப்பர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மீன் செவுளைத் தூக்கிப் பார்க்கிற மாதிரியே பார்க்கிறாய் என்று பேருந்தில் சொன்னார். அது அவர் எனக்குத் தந்த பெரிய பாராட்டு.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. வயரை எஞ்சின் சூடு படாமல் சட்டத்தின் உட்பக்கமாகக் கொண்டுபோனேன். ஃபியூஸை இருக்கையின் அடியில், கையை விட்டால் எட்டும் இடத்தில் வைத்தேன். ஏதாவது கோளாறு என்றால் முதலில் இதைப் பிடுங்கிவிடுங்கள், மற்றதை நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று காட்டிக்கொடுத்தேன். கடைசியாகத்தான் அந்தச் சுவரும் கோடும்.

அடுத்த சில நாட்கள் அண்ணி விளக்கைப் புகழ்ந்தார். ஏரிக்கரையில் தவளை தாவுவதுகூடத் தெரிகிறது என்றார். பிறகு பேச்சு நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்தது வேறு. திங்கள் இரவு சாப்பாட்டில் சங்கரா மீன், செவ்வாய் சங்கரா, புதன் மறுபடியும் சங்கரா. மாடியில் வெயிலுக்குக் காயப்போட்ட மீனின் பரப்பு நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது. விற்காமல் திரும்பியவை. கேட்டால் "யேவாரம் டல்லு பாப்பா" என்று முடித்துக்கொண்டார். முன்பெல்லாம் விடிவதற்கு வெகு நேரம் முன்பே கேட்கிற வண்டிச் சத்தம் இப்போது கிழக்கு வெளுத்த பிறகுதான் கேட்டது. சனிக்கிழமை வழக்கம்போல வண்டியைத் துடைத்துச் சோதிக்கும்போது துணை விளக்கு எரியவில்லை. இருக்கையைத் தூக்கினேன். ஃபியூஸ் எரிந்துபோகவில்லை, கழற்றப்பட்டிருந்தது. செய்தித்தாளில் மடித்து, கருவிப் பையில் பத்திரமாக வைத்திருந்தார்.

கையில் அந்தப் பொட்டலத்தோடு சமையலறை வாசலில் நின்றேன். அண்ணி அடுப்பைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு ஞாயித்துக்கெழம மெனக்கெட்டுப் போட்டுக் குடுத்த. அதப் போயி நான் இன்னான்னு சொல்றது? ஏதாவது ஆச்சின்னா பீச புடுங்கிடணும்னு நீதான சொன்ன. புடுங்கிட்டேன்."

ஆனது இதுதான். கரியமாணிக்கத்துக்குச் சற்று முன்னால் உள்ள ஊரில், பால் சொசைட்டிக்குச் சைக்கிளில் பால் கொண்டுபோகும் ஒரு பெரியவர், எதிரே வந்த அண்ணியின் வெளிச்சத்தில் கண் கூசி, கரும்புக் கொல்லையின் வாய்க்காலில் சைக்கிளோடு இறங்கிவிட்டார். பால் கொட்டிப்போனது. இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. அண்ணிதான் அவரைத் தூக்கி, வீட்டில் கொண்டுபோய் விட்டிருக்கிறார். மறுநாள் கொண்டுபோன வஞ்சிரத் துண்டுகளை அவர் மனைவி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். இருட்டில் அந்த வண்டி இனி ஊருக்குள் வரக் கூடாது என்று தெருவில் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணி விடிந்த பிறகுதான் போகிறார். அதற்குள் சரக்கு வண்டி வந்து போய்விடுகிறது. இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் அந்தப் பக்கத்துச் சுற்றையே விட்டுவிட வேண்டியதுதான். இதையெல்லாம் யாரோ ஒருவருக்கு நடந்ததைப் போலச் சொல்லிவிட்டு, உப்பு பார்க்கச் சொல்லிக் கரண்டியை நீட்டினார்.

விளக்கு மேலே பார்த்திருக்க முடியாது என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை. சுவரில் கோடு இன்னும் இருந்தது. வண்டியை நிறுத்தி மறுபடியும் அளந்தேன். வெளிச்சம் கோட்டுக்குக் கீழேதான் விழுந்தது. எங்கே தவறு என்று தெரியாமல், மறுநாள் விடியற்காலை அண்ணியோடு கரைக்குப் போனேன். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மீன் பெட்டி வீட்டுக்குள் பாரத்தோடு வராது. கரையிலேயே ஏறும், விற்று முடித்துக் காலியாகத் திரும்பும், கழுவி வாசலில் கவிழ்ந்து கிடக்கும். வீட்டில் நிற்கிற வண்டி எப்போதும் காலி வண்டிதான். படிக்கப் போன நாளிலிருந்து ஏல நேரத்தில் நான் கரைக்குப் போவதில்லை. உடையில் வாடை ஒட்டிக்கொள்ளும் என்று ஆரம்பித்தது, பிறகு பழக்கமாகிவிட்டது. அண்ணி ஒருநாளும் அழைத்ததில்லை.

அன்று இரண்டு பெண்கள் சேர்ந்து ஐஸும் மீனும் நிறைந்த பெட்டியைத் தூக்கிப் பின்னால் வைத்தார்கள். வண்டி ஒரு முனகலோடு பின்பக்கம் உட்கார்ந்தது. முன்பக்கம் முகத்தைத் தூக்கிக்கொண்டது. டேப்பை எடுத்து அளந்தேன். பின்பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியிருந்தது. முப்பது மீட்டர் தூரத்தில் வெளிச்சம் எங்கே போய் நிற்கும் என்று கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. சைக்கிளில் வருகிறவரின் முகத்தில். அண்ணி பெட்டியின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அந்த வண்டியை அவர் ஓட்டுகிற நிலையில் நான் பார்ப்பது அதுவே முதல் தடவை.

தவறு என்னுடையது என்றேன். அண்ணி சற்று யோசித்துவிட்டு, "அப்ப நீயும் வா. வந்து அவங்க கையில சொல்லு" என்றார். பெட்டிக்கும் அவருக்கும் இடையில் எனக்கு இடமில்லை. தெரிந்தவர் ஒருவரின் ஸ்கூட்டரை வாங்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். துணை விளக்கின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுத்தான் அந்தத் தெருவுக்குள் நுழைந்தோம். இருட்டில்தான் காட்ட முடியும் என்று அன்று மட்டும் விடியக் காத்திருக்கவில்லை, இன்னும் இருட்டு பிரியவில்லை. ஹாரன் சத்தம் கேட்டு முதலில் வந்தவர் பெரியவரின் மனைவி.

"இன்னாம்மா, இன்னிக்கி யாரத் தள்ளலாம்னு வந்த?"

விளக்கு வைத்தது நான், தவறும் என்னுடையது என்றேன். நீ யார் என்றார். நாத்தனார் என்றேன்.

"அந்த படிச்ச பொண்ணா?"

"ஆமாங்க."

"படிச்சிட்டுதான் இப்டி வச்சியா?"

அதற்குள் பெரியவர் மாவுக்கட்டுக் கையைத் துண்டில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்திருந்தார். பின்பக்கம் இறங்குவதைப் பற்றி நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு ஒற்றைக் கையால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருக்கோடி மதகு வரை போனார். ஏறி உட்கார்ந்து, ஒரு காலை மதகுக் கட்டையில் ஊன்றிக்கொண்டார். "இப்ப போடு" என்று அங்கிருந்து குரல் கொடுத்தார்.

ஃபியூஸைச் செருகி விளக்கைப் போட்டேன். பெரியவர் நல்ல கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அதுவரை நான் அதைக் கணக்காகத்தான் அறிந்திருந்தேன். அண்ணி பாரத்தோடு வண்டியை நேராகப் பிடித்துக்கொண்டார். நான் மண்டியிட்டு ஸ்பேனரால் திருகாணியைத் தளர்த்தி, விளக்கைச் சிறிது சிறிதாகக் குனிய வைத்தேன். சாக்பீஸ் இல்லை, கோடு இல்லை. அவர் சொல்லச் சொல்லத்தான்.

"மூக்குல அடிக்குது… இன்னும் எறக்கு… இப்ப நெஞ்சு… இன்னும்… ஹேண்டில்பாரு. ஆங், போதும். இப்பதான் வண்டில வர்றது யாருன்னு மூஞ்சி தெரியுது."

தெருவில் ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். பெரியவர் திரும்பி வந்து சைக்கிளைச் சுவரில் சாய்த்தார். கட்டு எப்போது பிரிப்பார்கள் என்று அண்ணி கேட்டார். இன்னும் இரண்டு வாரம் என்றார். பிறகு பெரியவர் கேட்டார்.

"நாளிக்கி எத்தினி மணிக்கி வருவ?"

"அஞ்சே முக்காலுக்கு."

"வா."

அன்று அந்தத் தெருவில் மூன்று பேர் மீன் வாங்கினார்கள். பெரியவரின் மனைவி வாங்கவில்லை. அடுத்த வாரம் கால் கிலோ நெத்திலி வாங்கினார், அதையும் குறை சொல்லிக்கொண்டேதான் என்று அண்ணி வந்து சொன்னார். மாடியில் காயும் மீனின் பரப்பு மெல்லக் குறைந்தது.

இப்போது அண்ணனும் அண்ணியும் சொந்தமாக ஒரு சின்ன சரக்கு வண்டி வைத்திருக்கிறார்கள். அதை அண்ணிதான் ஓட்டுகிறார். மோட்டார் சைக்கிள் என்னிடம் வந்துவிட்டது. பிள்ளையார்குப்பத்தில் ஒரு மருத்துவமனையில் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. அதிகாலை முறைப்பணி நாட்களில் இருட்டோடு கிளம்புகிறேன். பின்னால் என் மதியச் சாப்பாட்டுப் பை தவிர வேறு பாரம் கிடையாது. அன்று பெரியவர் சொல்லச் சொல்ல, மீன் பெட்டியின் பாரத்துக்கு வைத்த விளக்குகள் அதனால் ரொம்பவும் குனிந்திருக்கின்றன. பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாது, முன்சக்கரத்தின் எதிரே மட்டும் தரை மஞ்சளாகக் கிடக்கும். ஒரு ஸ்பேனர் இருந்தால் பத்து நிமிட வேலை. செய்ய வேண்டியவை என்று நான் எழுதிவைக்கும் பட்டியலில் அதுவும் ஒரு வரியாக வெகு நாட்களாக இருக்கிறது. மற்ற வரிகளையெல்லாம் அடித்துவிடுகிறேன். அதை மட்டும் அடுத்த தாளுக்கு எடுத்து எழுதிவிட்டு, மெதுவாகவே ஓட்டிக்கொண்டு போகிறேன்.