ஒரே தட்டில் இரண்டு தட்டுச் சரக்கு

ஸ்டெல்லா மேடம் போன ஆனி மாதம் மாரடைப்பில் இறந்துவிட்டார். அன்னவாசலில் பழைய கம்ப்யூட்டர்களை எடை போட்டுக்கொண்டிருந்தபோது அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் போன் செய்தார். "முருகேசு, ஸ்டெல்லா போயிட்டாப்பா." தராசில் ஏற்றியதை இறக்கச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அவர்கள் வீடு இருக்கும் ஆவூர் போய்ச் சேரும்வரை மனசில் ஓடியது ஒன்றுதான்: மேடம் சோதனைக்குக் கொடுத்த தட்டு இன்னும் என் குடோன் பரணில் இருக்கிறதே. சாவு வீட்டுக்குப் போகிறவனுக்கு வரக்கூடாத நினைப்பு. வந்தது.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். எனக்கு வாடிக்கையாளர். இலுப்பூரில் என் கடைக்கு எம்.ஓ. டிஸ்க் தேடித்தான் முதலில் வந்தார். லேசர் சூடேற்ற, காந்தம் கம்ப்யூட்டர் தகவலை எழுதுகிற தட்டு அது. ஒரு காலத்தில் ஆபீஸ்களில் பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தார்கள். இப்போது எங்களிடம் குப்பையாக வருகிறது. ஆசை முகத்தில் தெரிந்தால் விலையை ஏற்றுவது என் தொழில். அவரோ தட்டு இருந்த பக்கமே திரும்பவில்லை. ஒரு பிரிண்டருக்கு நெடுநேரம் பேரம் பேசிவிட்டு, "பிரிண்டர் வேணாண்ணே. அந்தத் தட்டும் டிரைவும் சும்மாதான கெடக்கு, வண்டிக்கூலிக்குக் குடுங்க" என்றார். கொடுத்த பிறகுதான் உறைத்தது. என்னை அப்படி மடக்கியவர் வேறு யாரும் கிடையாது.

அவர் ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியதே அந்தத் தட்டில் அதிகம் ஏற்றுவதைப் பற்றித்தான். அதே தட்டு, அதே லேசர், இரண்டு மடங்கு சரக்கு. "கோணிய மிதிச்சு மிதிச்சு ரொப்புனா கிழிஞ்சிரும் மேடம்" என்றேன். தகவல் பதியும் புள்ளியைச் சின்னதாக எழுதிவிடலாமாம், படிப்பதுதான் கஷ்டம். லேசர் விழும் வட்டத்துக்குள் இரண்டு மூன்று புள்ளி சேர்ந்து வந்து குழப்பும். அவர் வீட்டு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தார். நடுவில் சுர்ரென்றது, ஓரத்தில் சும்மா ஓடியது.

"கல்லு பெருசுதான், காஞ்சது நடு மட்டும். லேசர் வட்டமும் அப்படித்தாண்ணே. நல்லாக் காஞ்ச எடத்துல மட்டும் மேல்பூச்சு அடியில உள்ள புள்ளியக் காட்டும். மத்ததை மூடிக்கும்."

"நகத்தளவு கார்டுல ஊரே அடங்குது. இத யாரு வாங்குவா?"

"வாங்கவா சொன்னேன்? ஆகுமா ஆகாதான்னு தெரியணும். தெரியாம எனக்கு ஒறக்கம் வரல."

அந்த நோய் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

சிறுத்த புள்ளி வெக்கையில் நிலைக்குமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. என் குடோன் தகரக் கொட்டகை. அதைவிட வெக்கை எங்கே கிடைக்கும்? தட்டில் எழுதிய அன்று அவர் வீட்டு மெஷின் திரையில் பச்சைக் கோடுகள் பின்னி, நடுவே கண் மாதிரி இடைவெளி தெரிந்தது. "கண்ணு தொறந்திருந்தா படிக்குதுன்னு அர்த்தம். மூடிட்டா நான் தோத்தேன்" என்றார். பங்குனியில் பரணில் ஏற்றினோம். ஆடி பிறந்ததும் இறக்கிப் பார்ப்பதாகப் பேச்சு.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் அந்தோணி அண்ணன், "திருச்சிக்கு மக வீட்டுக்குப் போறேன். இந்த மிசினெல்லாம் எடைக்கு எடுத்துக்கப்பா. பாக்க முடியல" என்றார். கையோடு தட்டைக் கொண்டு போயிருந்தேன். "ஒருக்க ஓட்டிட்டு எடுத்துக்கிறேண்ணே."

கோடுகள் அலைந்தன. என்னால் உட்கார முடியவில்லை. மெல்ல நின்றன. கண், முன்பைவிடக் கொஞ்சம் இடுங்கி, ஆனால் திறந்திருந்தது.

"என்ன எழுதி வெச்சிருக்கா?" அண்ணன் கிட்டே வந்தார்.

"விசயம் எதுவும் இல்லண்ணே. சோதனைக்குத்தான். ஒண்ணும் பூஜ்யமும் கலஞ்சு கெடக்கு."

"அவ்வளவு எடம் பண்ணுனவ, எனக்கு ரெண்டு வரி எழுதியிருக்கலாம்ல!" என்று திட்டிக்கொண்டே சிரித்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு, "அடுத்த கோடைய தாண்டுமாப்பா?" என்றார். அவருக்கும் ஒட்டிக்கொண்டது.

மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியது அந்தத் தட்டும் இந்த அரிப்பும்தான். அங்கேயே பேசி முடித்தோம். மெஷின் என் கடையில் இருக்கும். எவன் எவ்வளவு கேட்டாலும் விற்கக் கூடாது. ஆடிக்கு ஆடி தட்டை இறக்க வேண்டும். அண்ணன் வந்த பிறகுதான் ஸ்விட்ச் போட வேண்டும். திரையில் கண் தெரியாத வருஷம் எடைக்குப் போட்டுக்கொள்ளலாம். பஸ் செலவு அவருடையது, மத்தியானச் சாப்பாடு என்னுடையது.