லைன்மேன் வேலாயுதம் போட்ட பூஜ்ஜியங்கள்

வில்லியனூர் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்டாகப் பல வருடங்கள் வேலை பார்த்தேன். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்களிடம் வலியை மட்டும் அளந்தால் போதாது, பயத்தையும் அளக்க வேண்டும். அதற்கென்று சில படங்கள் வைத்திருந்தேன். குடம் தூக்குவது, மூட்டை இறக்குவது, கட்டிலுக்கு அடியில் பெருக்குவது, குழந்தையைத் தூக்குவது. ஒவ்வொன்றாகக் காட்டி, "இதைச் செய்ய எவ்வளவு பயம்?" என்று கேட்பேன். துளியும் இல்லையென்றால் பூஜ்ஜியம். நினைத்தாலே நடுங்கினால் பத்து.

எல்லாப் படத்துக்கும் பூஜ்ஜியம் சொன்னவர் வேலாயுதம். கரியமாணிக்கத்துக்காரர், கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருந்து ரிட்டயர் ஆனவர்.

"இன்னா மேடம் கேள்வி இது? புயல்ல கம்பம் ஏறுனவன் நானு. எனக்கா பயம்?"

கூட வந்திருந்த மகள் பிரியா, தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு பாகூரில் இருப்பவள். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பாவை ஸ்கூட்டியில் அழைத்து வந்திருந்தாள். ஆனால் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

நரம்பில் கோளாறு இல்லை, தாராளமாகக் குனிந்து நிமிரலாம் என்று டாக்டர் எழுதி அனுப்பியிருந்தார். நம் வீரரோ முட்டைக் கூடையை இறக்கி வைப்பது போலத் தன்னை நாற்காலியில் இறக்கி வைத்தார். எனக்குச் சந்தேகம் வந்தது. கை தவறியது போலப் பேனாவை அவர் காலடியில் தட்டிவிட்டேன்.

பேனாவைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். "ஃபேன் நல்லா சுத்துது மேடம்" என்றார்.

பிரியாதான் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

கேள்வியை மாற்றினேன். "உங்களுக்கு மச்சான் இருக்காரா?"

"நெட்டப்பாக்கத்துல ஒருத்தன் இருக்கான்."

"அவருக்கும் இதே வலி, இதே ஸ்கேன்னு வச்சிக்குங்க. குடம் தூக்கலாமா?"

"ஐயோ, வேணாம் மேடம்! பத்து போடுங்க."

"மூட்டை?"

"செத்தான்! பத்து."

"பெருக்கலாமா?"

"அவன் பொண்டாட்டி பெருக்கட்டும். எட்டு."

மச்சானுக்காக மனிதர் அவ்வளவு கவலைப்பட்டார். சிரிப்பை அடக்கிக்கொண்டு குழந்தைப் படத்தை எடுத்தேன். அவர் குரல் இறங்கிவிட்டது.

"எல்லாத்தையும் விட இதுதான் மேடம் மோசம். மூட்டைன்னா கீழ போட்டுடலாம். கையில புள்ள இருக்கசொல்ல முதுகுத் தட்டு பிதுங்கிச்சுன்னா? புள்ளையோட இல்ல வுழுவான்?"

பிரியா எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா! அதுக்குத்தான் பாப்பாவ தூக்கவே மாட்டேன்றியா?"

அவர் மறுபடியும் அண்ணாந்து ஃபேனைப் பார்த்தார்.

"பொண்ணா பொறந்துச்சேன்னு தூக்கலன்னு நெனச்சேன்பா. இல்லன்னா எங்க வூட்டுக்காரர் மேல இருக்குற கோவம்னு நெனச்சேன். எத்தினி நாள் அழுதிருக்கேன் தெரியுமா?"

"அய்யய்ய, அதெல்லாம் இல்லடி. பயமா இருக்குதுன்னு பொண்ணுகிட்ட எப்டி சொல்றது?"

டீக்கடையில் யாரோ அவருடைய ஸ்கேன் ஃபிலிமை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "குனிஞ்சா படுத்த படுக்கைதான்" என்று சொல்லியிருக்கிறார்கள். கம்பத்திலிருந்து இறங்காத மனிதரை அந்த ஒரு வார்த்தை இறக்கிவிட்டது. முதுகெலும்புத் தட்டு சைக்கிள் செயின் போலக் கழன்று விழாது, வலித்தாலே ஆபத்து என்று அர்த்தமில்லை என்று விளக்கினேன். தலையாட்டினார். தலை நம்பியது, இடுப்பு நம்பவில்லை.

இடுப்பை நம்பவைக்க அரிசியை வரவழைத்தேன். சின்னப் பையில் தொடங்கி, வாரத்துக்கு வாரம் எடையைக் கூட்டினோம். முதலில் மேசையிலிருந்து தூக்கினார், அப்புறம் ஸ்டூலிலிருந்து, கடைசியில் தரையிலிருந்து. துண்டில் சுற்றிய பையை மார்போடு அணைத்துக்கொண்டு வராந்தாவில் நடப்பார். ஓ.பி. சீட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இன்னாபா கொழந்த?" என்று கேட்டார்.

"பொன்னி" என்றார் இவர்.

"நல்ல பேரு. மூக்கும் முழியுமா இருக்கணும்" என்று அந்த அம்மா வாழ்த்தினார்.

கடைசியில் ஒருநாள் பிரியா நிஜக் குழந்தையோடு வந்து, பாயில் உட்கார வைத்தாள். வேலாயுதம் வேட்டியை மடித்துக் கட்டினார், குனிந்தார், மூச்சை விட்டுக்கொண்டே தூக்கிவிட்டார். குழந்தை அவர் மீசையைப் பிடித்து இழுத்தது.

"வலிக்குதாப்பா?" என்று பிரியா கேட்டாள்.

"வலிக்குது. அது பாட்டுக்கு வலிக்கட்டும். நீ போயி டீ குடிச்சிட்டு வா."

அவள் டீ குடித்துவிட்டு வந்து கேட்டும் அவர் குழந்தையைத் தரவில்லை.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்கோர் எடுங்கள், படம் காட்டுங்கள், எல்லாம் சரி. அதோடு, "உங்க மேல வூட்ல யாருக்குக் கோவம்?" என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள். நோயாளி எதைச் செய்யாமல் தள்ளிப்போடுகிறார் என்பது, அந்தக் கோபக்காரருக்குத்தான் முதலில் தெரியும்.