விடுதிக்குப் பின்னால் எடுத்த தண்ணீர்

பரிசோதனைக் குப்பிகளை விரிவுரையாளரே கழுவிக்கொண்டிருந்தார். ஆய்வக உதவியாளர் நாலு மணிக்கே கிளம்பிவிட்டார். இவருக்குத்தான் வீட்டுக்குப் போகக் கால் எழவில்லை.

சிமெண்ட் ஆலை வேலையை விட்டுவிட்டு, இதுவும் ஊழியம்தான் என்று நம்பி, திருச்சபை நடத்தும் இந்தப் பொறியியல் கல்லூரிக்கு வந்தவர். பதினெட்டு வருடமாக ‘படைப்பைப் பேணுதல்’ என்ற பாடம் நடத்துகிறார். கடவுள் பூமியை நம்மிடம் ஒப்படைத்தாரே தவிர எழுதிக் கொடுத்துவிடவில்லை என்பார். பையன்கள் வைத்த பெயர் பச்சைப் பாஸ்டர். வகுப்பு ஜெபத்தோடு ஆரம்பிக்கும். நாளுக்கு ஒருவர் முறை. “ஆண்டவரே, ஆறுகளைக் காப்பாத்தும், அப்படியே இந்தப் பேப்பர்லயும் எங்களைக் காப்பாத்தும்” என்று ஒருவன் ஜெபித்தபோது முதலில் ஆமென் சொன்னது இவர்தான்.

எப்போதும் ஆற்றுத் தண்ணீரைத்தான் சோதிக்கச் சொல்வார். இந்த வருடம், “அவங்கவங்க தினம் நடக்கிற இடத்துல எடுங்க” என்று சொல்லித் தொலைத்தார். ஒரு மாணவி பெண்கள் விடுதிக்குப் பின்னால், சுத்திகரித்த கழிவுநீர் குளத்தில் விழும் குழாயில் பிடித்து வந்தாள். முப்பதுக்குள் இருக்க வேண்டிய அழுக்கின் அளவு இருநூற்றுப் பத்து. மறுபடி செய்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு.

சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறது என்று வருடாவருடம் கையெழுத்துப் போடுவது இவர்தான். முதல் வருடம் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் போட்டார். அதன்பின் கல்லூரி முதல்வரிடமிருந்து காகிதம் வந்ததும் பேனாவை எடுத்தார். அவ்வளவுதான்.

மதியம் சாப்பிடப் போனபோது விஷயத்தைக் கேட்டதுமே மனைவி சொல்லிவிட்டாள். “அந்தப் பொண்ணு ரெக்கார்டுல கையெழுத்துப் போட்டா, நீங்க இத்தனை வருஷமா போட்டதெல்லாம் பொய்னு ஆயிடும். வேலையும் போயிடும். குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டு எங்கங்க போறது? பேசாம ஆத்துத் தண்ணியையே எடுக்கச் சொல்லியிருக்கலாம்ல? அதை யாரு கேக்கப் போறாங்க?”

“அந்த நினைப்புதான் கூடாதுன்னு பாடம் நடத்துறேன்.”

“நடத்துங்க. வகுப்புல.”

ஆய்வகக் கதவு தட்டும் சத்தம். அந்த மாணவிதான், ரெக்கார்டு நோட்டோடு.

“சார், நாளைக்குக் கடைசி நாள். எல்லாருக்கும் போட்டுட்டீங்க, எனக்கு மட்டும்தான் பாக்கி.”

நோட்டை மேசையில் விரித்து வைத்தாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஆத்துல எடுத்து இன்னொரு தடவை செஞ்சு பாரேம்மா.”

“நான் ஆத்துல நடக்கலையே சார்.”

அவருக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றுவிட்டது.

“என் நம்பர் தப்பா சார்?”

“தப்புன்னு நான் சொன்னேனா?”

“அப்ப கையெழுத்துப் போடுங்க. இல்ல, அழிச்சிட்டு முப்பதுன்னு எழுதுன்னு வாயால சொல்லுங்க, இங்கயே எழுதிடறேன். எதைச் செய்யட்டும் சார்?”

கையெழுத்துக்கான கட்டத்தின் மேல் அவர் உள்ளங்கை கிடந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் நின்றாள். கொஞ்சம் கூடுதலாகவே நின்றாள். பிறகு அவர் கைக்கு அடியிலிருந்து நோட்டை மெல்ல உருவிக்கொண்டு வெளியே போனாள்.