என் பெயரில் பேசியது நானில்லை

போன வருஷம் ஆடி முடிந்து கல்யாண சீசன் ஆரம்பித்திருந்த நேரம். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீட்டு முன்னறையையே கடையாக்கி, ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறேன். கடைக்கென்று நெட்டில் ஒரு பக்கமும் வைத்திருந்தேன். புது டிசைன் தைத்தால் நானே போட்டுக்கொண்டு, கடை போர்டு தெரிகிற மாதிரி நின்று படம் எடுத்துப் போடுவேன். அதைப் பார்த்து எண்ணூர், மணலி புதுநகரிலிருந்தெல்லாம் பெண்கள் தேடி வருவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்று காலை ஓர் அம்மாவும் மகளும் அளவு கொடுக்க வந்திருந்தார்கள். வாசலில் ஆட்டோ வந்து நின்றது. என் வயதுள்ள ஒரு பெண் இறங்கினார். போர்டைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீதானாம்மே அது? வெளிய வா! என் வூட்டுக்காரர்கிட்ட உனக்கு இன்னா பேச்சு?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க ஆள் மாறி வந்துட்டீங்க" என்றேன்.

"போட்டோல போர்டு கூட கீது. நான் மாறி வந்துட்டனா?"

தெருவே கூடிவிட்டது. அவர் ராயபுரத்துக்காரர். அவர் கணவர் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். உள்ளே போக லாரிகள் மணிக்கணக்கில் வரிசையில் நிற்குமே, அந்தச் சமயத்தில்தான் இந்தப் பேச்சு வளர்ந்திருக்கிறது. அன்று காலை கணவரின் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, அதையும் எடுத்துக்கொண்டு நேரே கிளம்பி வந்திருக்கிறார். போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் பெயர், என் படம். கீழே வரிசையாக, வாயால் சொல்லக் கூசுகிற பேச்சு.

"படம் என்னுதுதாங்க. ஆனா இதை நான் எழுதல" என்றேன். சொல்லும்போதே, இதை யார் நம்புவார்கள் என்று தோன்றியது. அளவு கொடுக்க வந்த அம்மா துணிப்பையை எடுத்துக்கொண்டு, மகளையும் இழுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

அப்போது அந்தப் போனில் டிங் என்று சத்தம். என் பெயரில் ஒரு மெசேஜ். 'ஏன் பதிலே காணோம்? கோவமா?'

அவர் திரையைப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் யாருடைய பட்டுத்துணியோ. என் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது. அவர் எதையோ டைப் செய்தார். எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருக்கிறார். உடனே பதில் வந்தது: 'கடையிலதான். தனியா இருக்கேன்.'

என்னைச் சுற்றித் தெருவே நின்றுகொண்டிருந்தது.

அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பேசாமல் ஆட்டோ ஏறிப் போயிருக்கலாம். நானும் தடுத்திருக்க மாட்டேன். ஆனால் எழுந்து நின்று, என்னைத் திட்டிய அதே குரலில் கத்தினார்: "எல்லாரும் நல்லா கேட்டுக்கோங்க! அது இந்தப் பொண்ணு இல்ல. எவனோ இவ போட்டோவத் திருடி வச்சிகினு ஆடிகினு கீறான். நான்தான் தெரியாம கத்திட்டேன்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என் பயமெல்லாம் என் கணவரைப் பற்றித்தான். மணலியில் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை அவருக்கு. ஷிப்ட் முடிந்து தெருமுனைக்கு வரும்போதே யாராவது ஒன்றைப் பத்தாக்கிச் சொல்லிவிடுவார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண், "அவரு வர்ற வரைக்கும் நான் இங்கியே கீறேன்" என்றார். சொன்னபடியே இருந்தார். என் கணவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "அண்ணே, உங்க வூட்டம்மா மேல ஒரு தப்பும் இல்ல" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் அவரே சொன்னார். என் கணவர் முழுதும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நீ சாப்டியா?" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் நானும் அந்தப் பெண்ணும் சைபர் க்ரைமில் புகார் கொடுக்கப் போனோம். அந்தப் பேச்சு முழுவதும் வேண்டும் என்றார் அதிகாரி. அதில் அந்தப் பெண்ணின் கணவர் எழுதியதும் சேர்ந்துதானே இருக்கிறது! அவர் ஒரு நிமிஷம் தலை குனிந்தார். பிறகு போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். "எங்க வூட்டு மானம் போனா போவுது சார். இவங்களுது போவக்கூடாது."

சில நாளில் அந்தப் போலிக் கணக்கு காணாமல் போனது. செய்தது யார் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் வீட்டில் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நானும் கேட்டதில்லை. துணிப்பையோடு போன அம்மா திரும்ப வரவேயில்லை. அது இன்னமும் உறுத்துகிறது.

பக்கத்தையே மூடிவிடலாம் என்றுதான் நினைத்தேன். போனில் அந்த ராயபுரத்துப் பெண்ணிடம் சொன்னபோது, "நீ ஏன் மூடணும்? உன் பொழப்பும்மா அது" என்று அதட்டினார். மூடவில்லை. என் முகம் இருந்த படங்களையெல்லாம் எடுத்துவிட்டேன். இப்போது ஜாக்கெட்டை ஹேங்கரில் மாட்டித்தான் படம் போடுகிறேன். என் சொந்தக் கணக்கைத் தெரிந்தவர்கள் மட்டும் பார்க்கும்படி மாற்றினேன். அவ்வப்போது என் பெயரை நானே தேடியும் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு படத்தை எடுத்து யார் வேண்டுமானாலும் நானாகிவிடலாம் என்ற பயம் எனக்குப் போகவில்லை. ஆனால் தான் நினைத்தது தவறு என்று தெரிந்த நொடியிலேயே அதைத் தெருவறியச் சொல்லவும் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கையும் அன்றிலிருந்து என்னை விட்டுப் போகவில்லை.