மீர்வைஸ் டப்பாக்களில் எழுதிய எண்

சுவிட்சர்லாந்தின் துன் ஏரிக்கரை ஹோட்டல் ஒன்றின் சமையலறை வரதராசாவின் இராச்சியம். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கோப்பை கழுவியவர், ஐம்பத்தைந்தில் தலைமைச் சமையல்காரர். குளிரறைக்குள் போகும் ஒவ்வொரு டப்பாவிலும் தேதியும் வைத்தவரின் பெயரும் இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். மீறினால் டப்பா குப்பைக்குப் போகும், மீறியவரின் காது புண்ணாகும்.

புதிதாகக் கோப்பை கழுவ வந்த ஆப்கானியர் மீர்வைஸ் சட்டத்தை மீறவில்லை, கூட்டிவிட்டார். தேதி, பெயர், அதன் கீழே 4417.

"உதென்ன கோதாரி நம்பர்?" என்றார் வரதராசா.

"பழைய வேலையிடத்துப் பழக்கம், ஷெஃப்."

"இஞ்ச ஒருத்தருக்கும் நம்பர் இல்லை. பேர் காணும்."

இருவருக்கும் பொதுவாக இருந்தது சமையலறை ஜெர்மன்தான். ஆனால் வரதராசா எந்த மொழியில் ஏசினாலும் அது யாழ்ப்பாணத்து ஏச்சாகத்தான் விழும். மூன்று வாரம் ஏசிப் பார்த்தார், எண் எழுதிய சீட்டுகளைக் கிழித்தெறிந்தும் பார்த்தார். எண் நின்றபாடில்லை.

பழைய வேலையிடம் எதுவென்று ஒரு நாள் வெங்காயம் வெட்டும்போது தெரியவந்தது. குண்டூஸில் ஒரு வெளிநாட்டுப் படைமுகாமின் சமையலறை, ஆறு வருடம். 2021இல் காபூல் விழுந்ததும், படைகளிடம் வேலை செய்தவர்களைத் தேடி வீடுவீடாக ஆட்கள் வந்தார்கள். அட்டை, கடிதம், படம் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டுவிட்டு மீர்வைஸ் ஓடினார். மனைவியும் இரண்டு மகள்களும் இப்போது இஸ்லாமாபாத்தில் ஓர் அறையில் இருக்கிறார்கள். அவர்களின் பாகிஸ்தான் விசா நாற்பது நாளில் முடிகிறது, முடிந்ததும் ஆப்கான் எல்லைக்குத் திருப்பிவிடுவார்கள். சுவிஸ் வர மனிதாபிமான விசா கேட்டிருக்கிறார்கள். அதற்கு மீர்வைஸ் படையிடம் வேலை செய்த ஆதாரம் வேண்டும்.

"சூரிச்சில் ஒருவன் கடிதம் செய்து தருவானாம்," என்றார் மீர்வைஸ்.

வரதராசா கத்தியைக் கீழே வைத்தார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவருடைய புளுகுக்கு எட்டு வருடம் போனது.

"நானும் செய்வித்த கடுதாசியோடதான் வந்தனான். கண்டுபிடிச்சிட்டாங்கள். பிறகு நான் சொன்ன உண்மையையும் ஒருத்தரும் நம்பேல்லை. எட்டு வருசம் விசா இல்லை. அம்மா செத்ததுக்கும் போகேலாமல் போச்சு. உந்தக் கதையை இதோட விடு."

அன்று மாலையே மகள் கோபிஷாவை ஃபோனில் அழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் பேர்ணில் அகதிகளுக்கு வழக்கறிஞர்.

"ஒரு துண்டுப் பேப்பரும் இல்லாமல் நான் என்னப்பா செய்யிறது?"

ஃபோனைக் காதில் வைத்தபடி குளிரறையைத் திறந்தவரின் கண்ணெதிரே அன்றைய சூப் டப்பா 4417 என்ற எண்ணோடு இருந்தது. தான் மூன்று வாரமாகக் கிழித்தெறிந்ததே அந்த மனிதனின் அடையாளம் என்று அப்போதுதான் உறைத்தது. வெட்கமாகவும் இருந்தது.

"பிள்ளை, முகாமில அவனுக்குக் குடுத்த நம்பர் இருக்கு. நாலு நாலு ஒண்டு ஏழு."

"அட்டை எரிஞ்சு போச்செண்டீங்கள். வெறும் நம்பரை வச்சோ?"

"படை மனுசரை விட்டிட்டுப் போகும், தாளை விட்டிட்டுப் போகாது. முப்பத்தாறு வருசமாய்க் குளிரறைத் தாள் நிரப்பிறன், எனக்குத் தெரியும். அந்த முகாமை நடத்தின நாட்டு இராணுவத்துக்கு எழுதிக் கேள்."

"ஓம், கேட்டுப் பாக்கிறன்."

"பாக்கிறது என்ன? வரும்."

இருபத்திரண்டாம் நாள் பதில் வந்தது. 4417, சமையல் உதவியாளர், ஆறு வருடம். கூடவே குளிரறை வெப்பநிலை குறித்த தாள் ஒன்றின் பிரதியும் இருந்தது, அடியில் மீர்வைஸின் கையெழுத்தோடு. பாகிஸ்தான் விசா முடிய இரண்டு நாள் இருக்கையில் சுவிஸ் விசா கிடைத்தது. கோபிஷா செய்தி சொன்னபோது வரதராசா, "நான் சொன்னனான் எல்லே," என்றார். ஒரு கிழமைக்குச் சமையலறையில் வேறு பேச்சு இல்லை.

அவர்கள் வந்திறங்கிய நாளில் அவர் கோழிச் சோறு சமைத்து, பெரிய டப்பாவில் போட்டு மீர்வைஸிடம் நீட்டினார். மூடியில் தேதி, நான்கு பேரின் பெயர்கள், அவற்றின் கீழே வரதராசாவின் கையெழுத்தில் 4417.

மீர்வைஸ் அதைத் தடவிப் பார்த்தார். தோள் குலுங்கியது.

"அழுகிறதெண்டால் வீட்டை போய் அழு," என்றார் வரதராசா. "அங்க பிள்ளையள் பசியோட இருக்குங்கள்."

சொல்லிவிட்டுக் குளிரறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, தானும் அழுதார்.